கை நடுங்கினால் எல்லாம் நடுக்குவாதமா?

நரம்பு மருத்துவர் பதில்கள்

நடுக்கம் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்குக் கடற்கரையிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கை நடுங்குகிறது, கால் ஒட்டிக்கொள்கிறது, கை தானாக வீசுகிறது, பேச்சு குழறுகிறது என்று ஆளுக்கொரு கவலை. படித்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஆனால் பெரும்பாலானவற்றில் பழுது இருப்பது ஒரே வட்டாரத்தில்தான். மூளையின் மேற்பரப்பில் அல்ல, நடுவே ஆழத்தில், இரண்டு பக்கமும் பதிந்திருக்கும் 'பேசல் கேங்லியா' என்ற நரம்பணுத் திட்டுகளில். நாகர்கோவிலில் என்னைப் பார்க்க வருகிறவர்களில் பலர், வருஷக்கணக்கில் சத்து ஊசி போட்டுக்கொண்டு அலைந்த பிறகுதான் வருகிறார்கள். அந்த வருஷங்கள் வீணாகப் போகக் கூடாது என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே வைத்துக்கொள்கிறேன்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்க அப்பாவுக்கு 68 வயசு. வாழ்நாள் முழுக்க வள்ளத்துல கடலுக்குப் போனவர். ரெண்டு வருஷமா வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுற மாதிரி ஆடும். ஆனா கிழிஞ்ச வலையைத் தைக்க ஊசியைக் கையில எடுத்தா நடுக்கம் நின்னுடுது. அதைப் பார்த்துட்டு 'எல்லாம் நடிப்பு'ன்னு சித்தப்பாவே சொல்றாரு. முகத்துல சிரிப்பே இல்ல. வாசப்படிக்கு வந்ததும் கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுறாரு. பார்க்கின்சன்னு சொல்லி மாத்திரை தந்திருக்காங்க. காலையில நல்லா வேலை செய்யுது; மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போடுற மாத்திரை கேட்கவே மாட்டேங்குது. அஞ்சாறு வருஷம் முன்னாலயே அவருக்குக் கருவாட்டு வாடைகூடத் தெரியாமப் போச்சுன்னு அம்மா சொல்றாங்க. இதுக்கும் அதுக்கும் தொடர்பு உண்டா?"
— வாசகி, முட்டம்

தங்கச்சி, முதலில் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அப்பா நடிக்கவில்லை. கை ஓய்ந்திருக்கும்போது வந்து, வேலையில் இறங்கியதும் அடங்குகிற நடுக்கம்தான் நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோயின் தனி அடையாளம். 'ஊசியை எடுத்தால் நின்றுவிடுகிறது' என்று நீங்கள் எழுதிய வரி, ஒரு ஸ்கேன் படம் சொல்வதைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டு கவனித்ததோடு சரி. இன்றைக்கும் இந்த நோயை நாங்கள் பிரதானமாகக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும்தான் கண்டுபிடிக்கிறோம்.

நடப்பது இதுதான். கையை நீட்டு, காலை எடுத்து வை என்ற ஆணை மூளையின் மேற்புறணியில் பிறக்கிறது. பேசல் கேங்லியா அந்த ஆணையை உடனே போக விடுவதில்லை. அதன் ஒரு பகுதியான குளோபஸ் பாலிடஸ், தாலமஸ் என்ற நடு நிலையத்துக்கு இடைவிடாமல் தடைச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நமக்கு வேண்டிய அசைவுக்கு மட்டும் அந்தத் தடை சட்டென்று விலகும். வேண்டாத அசைவுகளுக்கு விலகாது. கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. நங்கூரம் கிடக்கிற வள்ளம், எத்தனை பேர் துடுப்புப் போட்டாலும் நகராது. நங்கூரத்தைத் தூக்கிவிடுகிற ஆள்தான் டோபமின் என்ற ரசாயனம். நடுமூளையில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்று ஒரு பட்டை உண்டு. வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். டோபமினை உண்டாக்கி மேலே அனுப்புவது அங்கே இருக்கும் அணுக்கள். பார்க்கின்சன் நோயில் அவை கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. ஏறத்தாழப் பாதியாவது அழிந்த பிறகுதான் வெளியில் நமக்குத் தெரியவே வருகிறது. அப்பாவின் தோளிலும் தொடையிலும் வலு குறையவில்லை. அதனால்தான் சத்து ஊசியாலும் டானிக்காலும் இதற்குப் பலன் இல்லை.

வாடை தெரியாமல் போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே மோப்பம் குறைந்துவிடுகிறது. மலச்சிக்கலும் அப்படித்தான். தூக்கத்தில் கனவு கண்டு கத்துவது, பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பது, கையை ஓங்குவதுகூட முன்னறிவிப்பாக இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அதுவும் இருந்திருக்கக் கூடும்.

முகத்தில் சிரிப்பு இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். சிரிப்பதும் இமைப்பதும் தசையின் அசைவுதான். அதையும் தொடங்கி வைப்பது இதே இடம்தான். பேரப்பிள்ளையைக் கண்டு மனசுக்குள் அவருக்கு மகிழ்ச்சி இருக்கிறது, முகத்துக்கு வந்து சேரவில்லை. வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'எங்களைப் பிடிக்கவில்லை' என்று வீட்டார் ஒதுங்கிப்போவதுதான் இந்த நோயாளிகளை மருந்தில்லாத துயரத்தில் தள்ளுகிறது. இருந்தாலும் மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்து வருவது உண்டு. அவர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது.

இனி மத்தியான மாத்திரை. அப்பாவுக்குத் தந்திருப்பது, மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற லெவோடோபா. அது ஒரு அமினோ அமிலம். நாம் சாப்பிடுகிற மீனும் முட்டையும் பருப்பும் செரித்து அமினோ அமிலங்களாகத்தான் மாறுகின்றன. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் ஏற இரண்டுக்கும் ஒரே வழிதான். முட்டத்தில் மத்தியானச் சாப்பாடு என்றால் சாளையோ சூரையோ இல்லாமல் இருக்குமா? மீன் குழம்பும் வறுத்த மீனும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், அந்தக் கூட்டத்தில் மாத்திரைக்கு இடம் கிடைக்காது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் வெறும் தண்ணீரோடு கொடுங்கள். சாப்பிட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழியட்டும். மீனை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது, உடம்பு இளைத்துப்போகும். பகலில் மரச்சீனியும் சோறும் காய்கறியுமாக வைத்துக்கொண்டு, மீனின் பெரும்பங்கை ராத்திரிக்கு மாற்றிப் பாருங்கள். பலருக்கு இது ஒன்றே நல்ல பலன் தருகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடம்பு கட்டையாக இறுகிக் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். அப்படியே நிற்கச் சொல்லுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு இரண்டு முறை மாற்றட்டும். பிறகு உங்கள் பாதத்தை அவர் முன்னால் குறுக்கே வைத்து, 'இதைத் தாண்டுங்கப்பா' என்று சொல்லுங்கள். காலைத் தூக்கி வைப்பார். தாண்ட ஒரு கோடு கண்ணில் பட்டால், பழுதான திட்டைச் சுற்றிக்கொண்டு மூளை வேறு வழியில் அசைவைத் தொடங்கிவிடுகிறது. வாசலிலும் கழிப்பறை வழியிலும் ஓர் அடிக்கு ஒன்றாகப் பளிச்சென்ற நிறத்தில் டேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள். தாளமும் இப்படித்தான் உதவும். அப்பாவுக்கு அம்பாப் பாட்டு தெரிந்திருக்கும் அல்லவா? வலை இழுக்கும்போது பாடிய அந்தக் கதியில் சத்தமாகப் பாடிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். குரல் தணிந்துபோவதற்கும் அது நல்ல பயிற்சி.

"நடுக்குவாதத்துக்கு இங்கிலீஷ் மருந்தைவிடப் பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று எங்கள் ஊர் வைத்தியர் சொல்கிறார். என் கணவர் மாத்திரையோடு சேர்த்து அதையும் சாப்பிடலாமா?"
— வாசகி, குலசேகரம்

வைத்தியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மலையோரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூனைக்காலியை நான் அறிமுகப்படுத்த வேண்டாம். காயின் மேல் சுனை பட்டால் என்ன அரிப்பு அரிக்கும் என்று தெரியும். அந்த விதைக்குள் இருப்பது லெவோடோபாவேதான். 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது மூளையில் எதற்குப் பயன்படும் என்று அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது.

அந்த விஷயம் வெளிச்சத்துக்கு வந்ததற்கும் நம் மண்ணின் செடி ஒன்றுதான் காரணம். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுத்துவந்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே இறுகிப்போனார்கள். 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு, டோபமினாக மாறுகிற டோபாவை ஊசியாகச் செலுத்தினார்; எழுந்து நடமாடின. ரெசர்பின் மூளையிலுள்ள டோபமினைக் காலி செய்துவிடுகிறது என்று தெரிந்தது. 1960-ல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த வருஷமே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967-ல் ஜார்ஜ் கோட்சியாஸ், வாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அப்படியானால் பொடியையே சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். தடை இரண்டு. விதைக்கு விதை, மண்ணுக்கு மண் மருந்தின் அளவு மாறும். ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்று வைத்தியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்தது, மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. மருந்து மூளைக்குப் போகும் முன்பே ரத்தத்தில் டோபமினாக மாறி வாந்தியும் தலைச்சுற்றும் வராமல் அது தடுக்கிறது. பொடியில் அது கிடையாது. மாத்திரையோடு பொடியையும் சேர்த்தால் அளவு கூடிப்போய், கையும் கழுத்தும் நெளிந்து ஆடத் தொடங்கும். சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கணவர் ஏற்கெனவே பொடி சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பொடி எவ்வளவு, எந்த நேரம் என்று சொன்னால்தான் மாத்திரையின் அளவை அவர் சரியாக வைக்க முடியும்.

"எனக்கு வயது 63. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம். மாத்திரை போட்டால் இரண்டரை மணி நேரம் நல்லா இருக்கு, அப்புறம் மரக்கட்டை. நல்லா இருக்கும் நேரத்திலும் உடம்பு நெளிந்து ஆடுது. மூளையில் கம்பி வைக்கும் ஆபரேஷன் செய்தால் நோய் போய்விடுமா?"
— வாசகர், மார்த்தாண்டம்

அண்ணாச்சி, நோய் போகாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிலைமைக்கு அந்தச் சிகிச்சை பொருந்தக் கூடும். 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்காகத் தாலமஸில் மின்முனையைப் பொருத்தி, நிமிஷத்துக்கு அல்ல, நொடிக்கே நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்தினார்; நடுக்கம் அடங்கியது. இப்போது பார்க்கின்சனுக்குப் பெரும்பாலும் சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற திட்டில்தான் வைக்கிறார்கள். சில மில்லிமீட்டர் அளவுள்ள இடம். டோபமின் குறைந்தால் அது கட்டுமீறித் துடித்து, முன்பு சொன்ன தடையை இன்னும் இறுக்கிவிடும். மின்துடிப்பு அந்தக் கோளாறான துடிப்பைக் குலைக்கிறது. பேட்டரியைக் கழுத்தடியில் இருக்கும் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பார்கள். நாளடைவில் அதை மாற்ற வேண்டிவரும். செலவைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொதுவிதி உண்டு. லெவோடோபா நல்லபடி வேலை செய்யும் நேரத்தில் எதெல்லாம் சரியாகிறதோ, ஆபரேஷனிலும் பெரும்பாலும் அதெல்லாம்தான் சரியாகும். மாத்திரை போட்டும் நிலை தவறி விழுகிறார், பேச்சு தெளியவில்லை, நினைவு மங்குகிறது என்றால் கம்பியும் அதற்கு உதவாது. மறதி நோய் வந்தவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்கு மருந்து இன்னும் கேட்கிறது, ஆனால் நேரம் சுருங்கிவிட்டது. அதனால் தாமதிக்காமல் ஒரு நிபுணர் குழுவிடம் காட்டுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இந்தச் சிகிச்சை நடக்கிறது. போகும்போது ஒரு தாளில் மூன்று நாள் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு உடம்பு இளகியது, எப்போது நெளிந்தது, எப்போது இறுகியது. அந்தத் தாள் அவர்களுக்குப் பெரிய உதவி.

"அம்மைக்கு 59 வயசு. போன வருஷம் வரை அவங்கதான் வீட்டு வேலை எல்லாம் செய்தாங்க. இப்போ ஆறேழு மாசமா ரெண்டு கையும் இறுகி, நடை தளர்ந்து, உதடு நடுங்குது. நோயே இல்லாத மனுஷி. வாயுத் தொல்லைக்குக் காலையில் ஒரு மாத்திரை, தலைச்சுற்றுக்கு ஒரு மாத்திரை மட்டும்தான் சாப்பிடுறாங்க. அதுவும் மெடிக்கல்ல வாங்கி ஒன்றரை வருஷமாச் சாப்பிடுறாங்க. இதுவும் பார்க்கின்சனா?"
— வாசகர், திங்கள்சந்தை

தம்பி, உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறையாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் திருப்பி, பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். வாயு மாத்திரையில் பான்டோபிரசோல், ரேபிபிரசோல் என்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தின் பெயர் முதலில் இருக்கும். அதனால் இங்கே தொல்லை இல்லை. அதற்கு அடுத்த பெயர் லெவோசல்பிரைடா என்று பாருங்கள். தலைச்சுற்று மாத்திரையில் சின்னரிசின், ஃப்ளூனரிசின், புரோகுளோர்பெரசின் என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இந்தக் கூட்டத்தில்தான்.

இவை எல்லாம் மூளைக்குள் போய், டோபமின் வந்து ஒட்டவேண்டிய இடங்களை அடைத்துக்கொள்கின்றன. டோபமின் இருக்கிறது, அணுக்களும் உயிரோடு இருக்கின்றன. செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. வெளியே பார்த்தால் பார்க்கின்சன் போலவே தெரியும். ஒரு பக்கம் தொடங்காமல் இரண்டு பக்கமும் ஒன்றாக, சில மாதங்களிலேயே, அதிலும் உதடு நடுக்கத்தோடு வந்தால் என் சந்தேகம் முதலில் மாத்திரை மேல்தான் போகும். வயதான பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. நாலைந்து நாள் சாப்பிட வேண்டிய மருந்தை, 'சாப்பிட்டா நல்லா இருக்கு' என்று வருஷக்கணக்கில் வாங்கித் தின்பதுதான் காரணம். சீட்டு இல்லாமல் கேட்டவருக்கெல்லாம் அட்டையைக் கிழித்துக் கொடுக்கிற வழக்கம் என்னை மிகவும் வேதனைப்படுத்துகிறது. வராமலே தடுக்கக்கூடிய முடக்கம் இது.

அம்மையை இந்த வாரமே அழைத்துப் போங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், பொடியும் தைலமும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சந்தேகப்பட்டது சரியாக இருந்தால், மருந்தை நிறுத்திய சில வாரங்களில் இறுக்கம் இளகத் தொடங்கும். முழுதும் சரியாகச் சில மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஆறு மாதம் கழிந்தும் நீங்காது. அவர்களுக்கு உண்மையான பார்க்கின்சன் உள்ளே பதுங்கியிருந்து, மாத்திரையால் முன்னதாகவே வெளிப்பட்டிருக்கும். எதுவாயினும் தெரிந்துகொள்வது நல்லது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. மனநோய்க்குத் தரும் மாத்திரைகள் பலவும் இதே இடத்தைத்தான் அடைக்கின்றன. ஆனால் அவை தேவைக்காகத் தரப்படுபவை. இந்தப் பதிலைப் படித்துவிட்டு அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இறுக்கமோ நடுக்கமோ இருந்தால் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்.

"தோவாளையில் பூக்கட்டும் தொழில். சும்மா இருக்கும்போது கையில் ஒன்றும் இல்லை. டீ கிளாசைத் தூக்கினாலோ நாரில் முடிச்சுப் போட்டாலோ இரண்டு கையும் நடுங்குது. என் பாட்டிக்கும் இப்படி இருந்தது. பயமாக இருக்கு."
— வாசகி, தோவாளை

பயப்படாதீர்கள். முட்டம் பெரியவருக்கு வேலையில் நிற்கிறது, உங்களுக்கு வேலையில்தான் வருகிறது. அதோடு பாட்டிக்கும் இருந்திருக்கிறது. இது பரம்பரையாக வரும் வேறு வகை நடுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுமூளைக்கும் தாலமஸுக்கும் இடையிலான சுற்றில் ஏற்படும் கோளாறு. தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள், அது கூடினாலும் இப்படி நடுங்கும். புரோப்ரனலோல் என்ற மாத்திரை பலருக்குக் கேட்கிறது, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

"என் அத்தைக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. திடீரென்று இடது கையும் காலும் தூக்கித் தூக்கி வீச ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் அடி விழும். யாரோ செய்வினை வைத்ததாக வீட்டில் பேசி, நான்கு நாள் மந்திரித்தார்கள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை 520. இப்போது வீச்சு குறைந்திருக்கிறது. சர்க்கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?"
— வாசகர், அருமனை

முன்னால் சொன்ன சப்தாலமிக் நியூக்ளியஸையும் அதைச் சுற்றியுள்ள திட்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத அசைவுகளைத் தடுத்து வைத்திருப்பது அவைதான். அங்கே சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டாலும் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் தடையற்று வீசும். கட்டுக்கடங்காத சர்க்கரையும் அதே வட்டாரத்தைத் தாக்கும். வயதான பெண்களிடம்தான் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். ஸ்கேனில் அந்தப் பக்கத்துத் திட்டு வெளிறித் தெரியும், ரத்தக்கசிவோ என்று முதலில் சந்தேகப்படும் அளவுக்கு. இதில் ஆறுதலான செய்தி, சர்க்கரையை இறக்கினால் பெரும்பாலோருக்குச் சில நாளிலோ வாரங்களிலோ வீச்சு அடங்கிவிடுகிறது. மிச்சம் இருந்தால் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுப்போம்.

ஆனால் அந்த நான்கு நாளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. திடீரென்று கை வீசுவதும் பக்கவாதத்தின் ஒரு வடிவமாக இருக்கலாம். வாய் கோணினால் உடனே ஓடுகிறவர்கள், கை வீசினாலும் அதே வேகத்தில் ஓட வேண்டும். பிரார்த்தனை ஆஸ்பத்திரியில் வைத்தும் செய்யலாமே. அத்தை இனி சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. மகனுக்கு 16 வயது. ஒரு வருடமாகப் பேச்சு குழறி, வாயில் எச்சில் வழிந்து, கையெழுத்து கோணலாகிவிட்டது. பள்ளியில் திட்டு. இப்போது வில்சன் நோய், உடம்பில் செம்பு சேர்ந்துவிட்டது என்கிறார்கள். மழைக்கு முன்னால் ரப்பருக்குத் துருசு மருந்து அடிக்கும்போது அவனும் கூட நிற்பான். என்னால்தான் வந்ததா? வீட்டில் செம்புக் குடத்தில்தான் தண்ணீர். மனைவி என் மாமன் மகள். இளையவளுக்கு 11 வயது, அவள் நன்றாக இருக்கிறாள்."
— வாசகர், திருவட்டாறு பக்கம்

உங்களால் வரவில்லை. இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். துருசில் செம்பு இருப்பது நிஜம். அடிக்கும்போது முகமூடி வேண்டும் என்பதும் நிஜம். ஆனால் நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது. மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் மரபணு உங்கள் மகனுக்குப் பிறவியிலேயே பழுது. அதனால் செம்பு முதலில் கல்லீரலில் தேங்கி, பிறகு ரத்தத்தில் கலந்து, மூளையில் பேசல் கேங்லியாவைத் தேடிப் போய்ப் படிகிறது. 1912-ல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தபோது, கல்லீரலும் மூளையின் ஆழமும் சேர்ந்து கெடுவதைக் கண்டு எழுதினார். கண்ணின் கருவிழி ஓரத்திலும் செம்பு படிந்து பழுப்பு வளையம் தெரியும். கண் மருத்துவர் விளக்குக் கருவியில் பார்த்திருப்பார்.

பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. சொந்தத்தில் திருமணம் செய்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதற்காக உங்கள் மனைவியையோ அவர் குடும்பத்தையோ யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது, பாதி உங்களுடையது.

ஆழ்மூளை நோய்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் காரணத்தையே அகற்றும் மருந்து இருக்கிறது. பெனிசிலமின் செம்பைச் சிறுநீர் வழியாக இழுத்து வெளியேற்றும்; துத்தநாகம் குடலிலேயே தடுக்கும். தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குப் பேச்சும் இறுக்கமும் கூடுதலாக மோசமாகலாம். அப்போது பயந்து விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஓடுங்கள், அளவை மாற்றுவார். நன்றாகிவிட்டான் என்று பிற்பாடு நிறுத்துவது அதைவிட ஆபத்து. வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்து இது. செம்புக் குடத்தை அவனுக்கு வேண்டாம் என்று எடுத்து வையுங்கள். ஈரல், நண்டு, கடல் சிப்பி, முந்திரி, சாக்லேட், காளான் ஆகியவற்றை முதல் வருஷமாவது தவிர்க்கட்டும். சாதாரண மீன் சாப்பிடலாம். பள்ளிக்கு மருத்துவர் சீட்டோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். எழுத்து கோணியது அசட்டையால் அல்ல என்று ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டும். தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் எழுதித் தரும் ஆளுக்கும் கேட்டுப் பாருங்கள்.

இளைய மகள் நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் இந்த நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 11 வயதில் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கல்லீரல் பரிசோதனை, கண் பரிசோதனை, இவ்வளவும் அவளுக்குச் செய்ய வேண்டும். மகனின் மரபணுப் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். அதை வைத்து அவளுக்கு உண்டா இல்லையா என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். இருந்தால் இப்போதே மருந்தைத் தொடங்கிவிடலாம்; அண்ணனுக்கு வந்த குழறலும் நடுக்கமும் அவளுக்கு வராமலே தடுக்கலாம். பள்ளி விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.